அறுபத்தொன்பதாவது ஸ்கெல்விக்

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஓணத்துக்கான நேந்திரங்காய் சிப்ஸ் ஆர்டர் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. எண்ணெய் டின் வந்து சேரவில்லை. என் கணவர் டென்னிசன் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறார். பன் வேறு ஒரு தட்டு கருகிப்போனது.

மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் போனைப் பார்த்தேன். இங்கிலாந்திலிருந்து ஒரு மின்னஞ்சல். அனுப்பியவர் பெயர் நைஜல் ஸ்கெல்விக். நம் குடும்பத்துக்கு வெளியே ஒருவருடைய பெயரில் 'ஸ்கெல்விக்' என்று நான் பார்த்தது இதுதான் முதல் முறை. இரண்டு தடவை படித்தேன். இந்தப் பெயருள்ளவர்களை எல்லாம் தேடிக் கணக்கெடுப்பது அவருடைய பொழுதுபோக்காம். உலகத்தில் இப்போது உயிரோடு இருக்கும் ஸ்கெல்விக்குகள் ஐம்பத்திரண்டு பேர்தானாம். மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

டென்னிசனிடம் காட்டினேன். "பதில் எழுது, நமக்கென்ன," என்றார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பதில் எழுதிவிட்டேன். கடைச்சுவரில் என்ன எழுதி வைத்திருக்கிறேனோ அதையேதான் எழுதினேன். கால்வாய் வெட்ட வந்த ஆங்கிலப் பொறியாளர் ஒருவர் எங்கள் மூதாதை என்று.

பொய் என்று சொல்லிவிட முடியாது. அப்பாதான் அதைச் சொல்வார். சிரித்துக்கொண்டே சொல்வார் என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் என்னை வெள்ளைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைப் பார்க்கிறவர்கள் நம்பத்தான் செய்கிறார்கள். அம்மா சொன்ன கதை வேறு. அதைப் போய் முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதுவானேன்.

ஆகஸ்ட் 12, சனி

நைஜல் செப்டம்பரில் வருகிறாராம். நேரில் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. பொறியாளரின் முதல் பெயர் என்ன, எந்த வருஷம் வந்தார் என்று கேட்டிருக்கிறார். வில்லியம் என்று எழுதினேன். வருஷம் தெரியாது என்றேன்.

ஜங்ஷனில் திறக்கப்போகும் புதுக் கடைக்கு அவரையே ரிப்பன் வெட்டச் சொன்னால் என்ன என்று தோன்றியது. பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். டென்னிசன் மாவு பிசைந்துகொண்டே கேட்டார், "ஒனக்கு இது வேணுமா, பியூலா?"

எனக்காகவா கேட்கிறேன். கடைக்குத்தானே.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஓணம். நிற்க இடமில்லாத கூட்டம். கால் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 2, சனி

பனவிளைக்குப் போய் ஞானப்பூ அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அங்கன்வாடியில் சமைத்து ஓய்வு பெற்றவள். அத்தான் போனபிறகு தனியாகத்தான் இருக்கிறாள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளுமாக எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இன்னும் அங்குள்ள எங்கள் பழைய சபையைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். ரப்பர் வெட்டுகிறவர்கள், கொத்தனார்கள், இரண்டு மூன்று வாத்தியார்கள்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்காக்கும் இந்த வெயில்ல வந்த?"

வெள்ளைக்காரர் வருவதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்றும் சொன்னேன்.

"கொள்ளாம். நான் காலையிலயே வந்து மீன் வச்சுத் தாறேன்."

"மீனை இங்கயே வச்சு ஆட்டோவில குடுத்துவிட்டாப் போதும்."

துருவுகிற கை நிற்கவில்லை. நான்தான் மேலே பேசினேன். அவர் பொறியாளரின் வம்சம் என்று நினைத்து வருகிறார், கேள்வி மேல் கேள்வி கேட்பார், உனக்கு ஆங்கிலம் தெரியாது, உனக்குத்தான் சங்கடம் என்றேன்.

"செரி. எனக்கும் அன்னைக்கு வேற வேலை இருக்கு."

"கோவமா?"

"எனக்கு என்ன கோவம். எனக்க நெறத்தப் பாத்தா அவரு வேற கேள்வி கேட்டுருவாரு. அதானே?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தைகூட நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

புறப்படும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை தந்தாள். வாங்காமல் வந்தால் நன்றாக இருக்காது. வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 7, வியாழன்

திருவனந்தபுரத்துக்கு நானும் டென்னிசனும் காரில் போய் அழைத்து வந்தோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். எஸ்டேட் வைத்திருப்பவராக இருக்கும், குறைந்தது ஒரு டாக்டராக இருக்கும் என்று மனதில் ஒரு எண்ணம். வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வார் அறுந்து நூலால் தைத்த செருப்பு. தோளில் துணிப்பை. நாற்பது வருஷம் தபால்காரராக இருந்தாராம்.

"பேர்களை வாசித்து வாசித்தே பழகிவிட்டது," என்றார். "ஓய்வு பெற்றதும் என் பேரையே வாசிக்கத் தொடங்கினேன்."

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி அவள் கணவனின் பெயருக்கு மாறிவிட்டாள். அவர்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பத்திலும் இப்படித்தான் பெயர் தேய்ந்துகொண்டே போகிறதாம். வழியெல்லாம் வாழைத்தோட்டத்தையும் கோயில் கோபுரத்தையும் மாதா குருசடியையும் பார்த்துக்கொண்டே வந்தார். என்னையும் ஒன்றிரண்டு தடவை உற்றுப் பார்த்தார். நான் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

பத்தரை மணிக்கே ஆட்டோவில் மீன்குழம்புச் சட்டி வந்து இறங்கியது. மேலே வாழையிலை கட்டி, அசையாமல் இருக்கச் சுற்றிலும் சாக்கு வைத்து அனுப்பியிருந்தாள். பின்வாசல் வழியாக உள்ளே எடுத்து வைத்தேன்.

சாப்பிட உட்காரும் முன்பு நைஜலிடம் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். ஏதோ கோட்டை, பிரபு என்று சொல்வார், அதைப் புதுக் கடைச் சுவரில் எழுதலாம் என்று நினைத்திருந்தேன்.

"விக் என்றால் பண்ணை," என்றார். "அதிலும் மாட்டுப்பண்ணை. ஸ்கெல் என்பது பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் ஓடை. ஓடைக்கரை மாட்டுத்தொழுவம். அவ்வளவுதான்."

"தொழுவமா?"

"ஆமாம். அங்கே இருந்தவரைக்கும் யாரும் அவனை அந்தப் பேரால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எல்லாரும் அதே தொழுவத்துக்காரர்கள்தானே. அவன் அங்கிருந்து துரத்தப்பட்டோ பிழைக்கவோ வேறு ஊருக்குப் போயிருப்பான். போன இடத்தில்தான் அவனுக்கு ஸ்கெல்விக்காரன் என்று பேர் வைத்திருப்பார்கள்."

டென்னிசன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனிதர் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வடிந்தது, அப்படியும் விடவில்லை. "இதை யார் சமைத்தது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன்.

டென்னிசன் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன்.

காலிச் சட்டியை நானே கழுவினேன். வேலைக்காரியிடம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 9, சனி

நைஜல் நாளைக்கு எங்கள் பழைய சபையில் ஆராதனைக்கு வரவேண்டும் என்கிறார். கடைப் பக்கத்திலேயே பெரிய கோயில் இருக்கிறது, அங்கே ஆங்கில ஆராதனையும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் குடும்பம் எங்கே கும்பிட்டதோ அங்கேதான் என்கிறார். தப்ப வழியில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா என்று இருக்கிறது.

ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் ஐயா நைஜலை முன்னால் அழைத்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஐயா, யாரும் சொல்லாமலே, "நம்ம சபையில ஸ்கெல்விக் குடும்பத்தார் எல்லாரும் கொஞ்சம் எழும்பி நில்லுங்க," என்று சொல்லிவிட்டார்.

முதலில் ஆண்கள் பக்கம் நாலைந்து பேர் நின்றார்கள். பிறகு அவர்களுக்குப் பின்னால். பிறகு பெண்கள் பக்கம். கைக்குழந்தையோடு நின்றார்கள். பாடகர் குழுவிலிருந்து எழுந்தார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சு முழுக்க எழுந்து நின்றார்கள். பெரியப்பா மகன் தவமணி அண்ணன் ரப்பர் பால் கறை ஏறிய கையைக் கூப்பியபடி நின்றார். ஒவ்வொருவராக எழ எழ நைஜலின் வாய் திறந்துகொண்டே வந்தது. விரலை நீட்டி, உதட்டை அசைத்து எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"அறுபத்தெட்டு, உங்களையும் சேர்த்து," என்றார் என்னிடம். "நாங்கள் உலகம் முழுக்க ஐம்பத்திரண்டு பேர். எப்படி இத்தனை பேர்?"

இங்கே பெண்கள் கல்யாணமானபிறகும் பெயரை விடவில்லை, தங்கள் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எங்கள் வழக்கம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் எல்லாரும் நிற்க, நடுவில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஞானப்பூ அக்கா. மடியில் வேதபுத்தகம். என்னைப் பார்க்கவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவள் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தாள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள்.

இவள் என் அக்கா, இவளையும் எண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். கையில் மைக் வேறு இருந்தது. நான் சொல்லவில்லை. ஐயா எல்லாரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள்.

திரும்பி வரும்போது நைஜல் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பியூலா, ஒன்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். இந்தப் பேருள்ளவர்கள் ரொம்பக் குறைவு. இங்கிலாந்தை விட்டு வெளியே போன எல்லாரையும் எனக்குத் தெரியும். அதில் பொறியாளர் யாரும் இல்லை. இந்தியாவுக்கு ஒருவர்கூட வரவில்லை."

"எப்போது தெரியும்?"

"நீங்கள் எழுதிய முதல் பதிலிலேயே."

டென்னிசன் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

"தெரிந்தும் ஏன் வந்தீர்கள்?"

"பேர் உண்மைதானே," என்றார். "மற்றதை உங்களுக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்வீர்கள் என்று நினைத்தேன்."

அவர் கொஞ்சம் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு மாதமாக அவருக்குத் தெரிந்தே நான் வில்லியம் வில்லியம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

செப்டம்பர் 11, திங்கள்

காலை பத்து மணிக்குத் திறப்புவிழா. கொட்டு, நாதஸ்வரம், கேமரா எல்லாம் இருந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் பேசினார். நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததைத்தான் பேசினார். கால்வாய் வெட்டி இந்த மண்ணை வளமாக்கிய பொறியாளர் வில்லியமின் கொள்ளுப்பேத்தி, அவருடைய வெள்ளை ரத்தம், என்றெல்லாம். கூட்டம் கை தட்டியது. நைஜலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வில்லியம் என்ற பெயர் வரும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகத்தான் குனிந்தார்.

ரிப்பனை வெட்டினார். கேக்கையும் வெட்டினார். போட்டோவுக்குச் சிரித்தார். நான் அவர் பக்கத்தில் நின்று சிரித்த படம் நாளைக்குப் பத்திரிகையில் வரும். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

எல்லாரும் போனபிறகு அவரிடம் போனேன்.

"நேற்று நீங்கள் எண்ணியது தப்பு. ஒருத்தி எழுந்து நிற்கவில்லை."

"யார்?"

"என் அக்கா. என் கூடப்பிறந்தவள்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான்தான் அவளிடம் உங்கள் கண்ணில் படக்கூடாது என்று சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை மீன்குழம்பு வைத்ததும் அவள்தான்."

அவர் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "போவோமா?" என்றார்.

அக்கா வாசலில் மரச்சீனிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்றாள்.

"முதல் ஸ்கெல்விக் யாருன்னு கேக்காரு. நீ சொல்லு. நான் இங்கிலீஷ்ல சொல்லுகேன்."

"உனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரியும். ஆனா நீ சொல்லு."

என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்தே பேசினாள். நிறுத்தி நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பேசினாள்.

"எங்க ஆட்கள் வயலோட சேத்து வித்து வாங்கப்பட்டவங்க. வயலு கைமாறினா ஆளும் கைமாறும். அப்படி ஒருத்திக்க மகளாக்கும் எங்க அரியட்டுப் பாட்டி. ஏழு எட்டு வயசிருக்கும். அவளுக்க அம்மை ராத்திரியோட ராத்திரியா மிஷன் பங்களா வாசல்ல கொண்டு விட்டுட்டுப் போயிட்டா. திரும்பி வரல்ல."

சொன்னேன். விற்கப்பட்டவர்கள் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொல்லும்போது நாக்கு நின்றது. எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத சொல். அக்கா காத்திருந்தாள். சொல்லிவிட்டேன்.

"மிஷன் பங்களாவில பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்குச் சீமையிலிருந்து சகாயம் வரும். எந்தச் சீமாட்டி எந்தப் பிள்ளைக்கு அனுப்புகாளோ, அவளுக்க பேரை அந்தப் பிள்ளைக்கு வச்சிருவாங்க. இவளுக்குச் சோறு போட்டவ ஹாரியட் ஸ்கெல்விக். அதான் இவளுக்கும் பேரு. அரியட்டுக்கு அப்பன் பேரு கெடையாது, சாதிப் பேரைச் சொன்னா தெருவில நடக்க முடியாது. இருந்தது இந்தப் பேரு ஒண்ணுதான். பேரு இருந்தா ஒருத்தனும் நம்மள வித்திர முடியாதுன்னு அவ நெனச்சா. அதனாலதான் ஆணு பொண்ணு எல்லாத்துக்கும் அதையே வச்சா. பொம்பளப் பிள்ளைக கெட்டிக்குடுத்த இடத்துலயும் விடல்ல."

நைஜல் கையிலிருந்த பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டே கேட்டார். ஹாரியட்டை அவருக்குத் தெரியுமாம். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அத்தை; கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவர் பெயருக்கு நேராக 'வாரிசு இல்லை' என்று இவரே எழுதி வைத்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. "அதை இப்போது அடிக்கப்போகிறேன். அறுபத்தொன்பது பேர். நீங்கள் எல்லாரும் அவருடைய பிள்ளைகள்."

தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் மாறவில்லை.

"அடிக்காண்டாம்னு சொல்லு. அந்தம்மா நல்லவ. சோறு போட்டா, நாங்க மறக்கல்ல. ஆனா நாங்க அவளுக்க பிள்ளைக இல்ல. வாசல்ல விட்டுட்டுப் போனாளே, அவளுக்க பிள்ளைக. பேரு மட்டும்தான் அந்தம்மாவுக்கது."

அதையும் சொன்னேன். கொஞ்சம் மென்மையாக மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாற்றவில்லை.

"இன்னொண்ணும் கேளு. மிஷன் பங்களாவுக்கு வருமுன்ன அவளுக்கு வேற ஒரு பேரு இருந்துது. அவளுக்க அம்மை வச்ச பேரு. அது என்னன்னு இப்ப யாருக்கும் தெரியாது. அந்தப் பேரை இவரு எங்க எழுதுவாரு?"

நைஜல் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அக்காதான் அவரை உட்காரச் சொன்னாள். கிழங்கு வெந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நான் சொன்னத மாத்திச் சொல்லல்லியே?"

"இல்ல."

"செரி."

"உனக்க நெறத்த வச்சு நான் உன்னை…"

"உனக்க வெளுப்பு அம்மைக்க வெளுப்பு, பியூலா. எந்த என்ஜினீயரும் தந்ததில்ல." அடுப்பைப் பார்க்க எழுந்தாள். "நீ வரண்டாம்னு சொன்னதுகூட எனக்குப் பெரிசில்ல. சொல்லிட்டு, நான் தந்த கீரையையும் வாங்கிட்டுப் போனியே. அதைத்தான் என்னால தாங்க முடியல்ல."

செப்டம்பர் 12, செவ்வாய்

நைஜலை ஏற்றிவிட்டு வந்தோம். பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. கடைப் பையன்கள் வெட்டி ஒட்டப் போனார்கள். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

இரண்டு கடையிலும் சுவரில் பொறியாளர் வரியை மறைத்துப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. சங்கத் தலைவர் போன் செய்து ஏன் என்று கேட்டார். அப்படி ஒருவர் இல்லை என்றேன். நாளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பெயிண்ட் காய்ந்தபிறகும் அந்த இடம் மட்டும் புது வெள்ளையாகப் பளீரென்று தெரிகிறது. ரஸ்க் வாங்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அக்கா போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்தாள் என்று நினைக்கிறேன். பேச்சுச் சத்தம் கேட்டது. கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

பெரிய கோயிலுக்குப் போகாமல் பனவிளைக்குப் போனேன். டென்னிசன்தான் காரை அந்தப் பக்கம் திருப்பினார். எங்கே போகவேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை.

முதல் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் அக்கா இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தது. இந்தப் பக்கம் அவளுடைய கைப்பை இருந்தது. வரிசை ஓரத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்த பெண்கள் பாட்டைப் பாடிக்கொண்டே பார்த்தார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நின்றேன். ஒரு சரணம் முழுவதும் நின்றேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.